ரிசார்ட் வேலைக்கு 90,000 ரூபாய் கட்டலாமா?

கோத்தகிரி பக்கமிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். கோவையில் ஓராண்டு ஓட்டல் மேனேஜ்மென்ட் டிப்ளமோ, கட்டணம் 90,000 ரூபாய், முடித்ததும் ஊட்டி ரிசார்ட்டில் வேலை உறுதி என்று ஓர் ஏஜென்ட் வீட்டுக்கே வந்து பேசியிருக்கிறார். 10,000 முன்பணமும் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் உடனே வேண்டுமாம். பையன் குன்னூர் அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவுக்கும் விண்ணப்பித்திருக்கிறான். “அதைப் படித்தால் ஓசூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோதான் போகணும், மலையில் வேலை ஏது?” என்கிறார்களாம் சொந்தக்காரர்கள். எதில் சேர்ப்பது? அப்புறம், அவருடைய தம்பி பத்தாவதோடு நின்று ஆறு வருஷமாக வயரிங் வேலை பார்க்கிறார். அவரும் ஐ.டி.ஐ. படித்தாக வேண்டுமா?

அம்மா, முதலில் அந்த மார்க் ஷீட்டைக் கொடுக்காதீர்கள். சரிபார்க்க வேண்டுமென்றால் காட்டுங்கள், கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அது அவர்கள் பீரோவுக்குள் போய்விட்டால், இரண்டாவது மாதமே பையனுக்குப் பிடிக்காமல் போனாலும் மீதிப் பணம் முழுவதையும் கட்டினால்தான் வெளியே வரும். இந்த ஒரு விஷயத்தில் சிக்கி, வேறு கல்லூரியில் கிடைத்த இடத்தை விட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

நோட்டீஸில் ‘அரசுப் பதிவு பெற்றது’ என்று போட்டிருப்பார்கள். என்ன பதிவு என்று கேளுங்கள். பெரும்பாலும் டிரஸ்ட் பதிவாக இருக்கும், இல்லையென்றால் சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு, அல்லது ஓர் ஐ.எஸ்.ஓ. காகிதம். இவற்றுக்கும் சொல்லித்தரும் பாடத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சான்றிதழ் யார் பெயரில் வரும் என்பதுதான் கேள்வி. அந்த நிறுவனத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும் என்றால், ரிசார்ட் மேனேஜர் அதை ஓரமாக வைத்துவிட்டு “பத்தாவது பாஸா? இங்கிலீஷ் பேசுவியா?” என்றுதான் கேட்பார். ரூம் சர்வீஸ், டேபிள் வேலையெல்லாம் அவர்களே சில வாரங்களில் பழக்கிவிடுவார்கள். அதற்கு 90,000 எதற்கு?

‘வேலை உறுதி’யிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஏப்ரல், மே சீசனில் மாணவர்களைப் ‘பயிற்சி’ என்று ரிசார்ட்டுக்கு அனுப்புவார்கள். சம்பளம் இருக்காது, சாப்பாடும் படுக்க இடமும்தான். யூனிபார்மில் ஒரு போட்டோ எடுத்து அடுத்த வருஷ நோட்டீஸில் ‘வேலை பெற்ற மாணவர்’ என்று போட்டுவிடுவார்கள். ஜூனில் மழை இறங்கியதும் பையன் வீட்டுக்கு வந்துவிடுவான். செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் சீசன் வந்தால் இன்னொரு பேட்ச் தயாராக இருக்கும். இப்போது வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு. 2025 சீசனில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் நீலகிரிக்கு வரம்பு வைத்த பிறகு, நிரந்தரமாக ஆள் எடுக்க முதலாளிகள் இன்னும் யோசிக்கிறார்கள்.

மலையில் எலக்ட்ரீஷியனுக்கு வேலை இல்லை என்று சொல்பவர்கள் ஜூலை மாதம் ஒரு விடுதியில் போய் நிற்கட்டும். மழை ஈரம் ஜங்ஷன் பாக்ஸுக்குள் இறங்கி, மின்கசிவைப் பிடிக்கும் பிரேக்கர் திரும்பத் திரும்ப விழுந்து கரன்ட்டைத் துண்டிக்கும். கீசர் ஓடாது. பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சொன்னால் விருந்தாளி சும்மா இருப்பாரா? அரைகுறை ஆள் பிரேக்கரைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கம்பியை இணைத்துவிட்டுப் போவார், அது உயிருக்கே ஆபத்து. படித்த பையன் ஒவ்வொரு சர்க்யூட்டாக நிறுத்திப் பார்த்து, எந்த அறையில் கசிகிறது என்று கண்டுபிடிப்பான். அவன் கிடைக்காததால்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து ஆள் ஏறி வரும்வரை காத்திருக்கிறார்கள். தேயிலை ஃபேக்டரியிலும் இதே கதை. இலையை வாட்டும் தொட்டிகளின் மின்விசிறி, வாடிய இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. மெஷின், டிரையர் எல்லாம் மோட்டாரில்தான் ஓடுகின்றன. பகலில் பறித்த இலை வாடி மெஷினுக்கு வருவது ராத்திரியில். அந்த நேரத்தில் ஒரு மோட்டார் கருகினால் அன்றைய இலை போச்சு.

இதைக் குன்னூரிலேயே சொல்லித்தரக் கூடாதா என்றால், பாடத்திட்டம் மத்திய அரசு தயாரிப்பது. செங்கல்பட்டுக்கும் குன்னூருக்கும் ஒரே பாடம். தேயிலை ஏலம் நடக்கிற ஊரில் படித்து வெளியே வருகிற எலக்ட்ரீஷியன் சி.டி.சி. மெஷினை முதன்முதலில் வேலைக்குப் போன இடத்தில்தான் பார்க்கிறான். மாநிலம் முழுக்க 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனமாக்க 2,877 கோடி ரூபாய்த் திட்டம் போட்டார்கள், ரோபோவெல்லாம் வந்தது. நல்லதுதான். பக்கத்து ஃபேக்டரி மேனேஜரைக் கூப்பிட்டு “உங்களுக்கு என்ன தெரிந்த ஆள் வேண்டும்?” என்று கேட்க எத்தனை கோடி ஆகும்?

சரி, அவர்கள் கேட்கும்வரை நாம் காத்திருக்க முடியாது. எலக்ட்ரீஷியன் இரண்டு வருஷப் படிப்பு. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாத உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். முடித்ததும் அப்ரென்டிஸ் பயிற்சிக்கு உள்ளூரிலேயே கேளுங்கள். 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற நிறுவனம் அப்ரென்டிஸ் எடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அப்ரென்டிஸுக்குத் தரும் உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு தருகிறது. பெரிய ரிசார்ட்டுகள் பலவற்றுக்கு இது தெரியாது, தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருப்பார்கள். ஐ.டி.ஐ. முதல்வரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் பேச்சு மாறும்.

உங்கள் தம்பி விஷயம் வேறு. அவர் மறுபடி வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை மின்கம்பியாள் உதவியாளர் (வயர்மேன் ஹெல்பர்) தகுதிகாண் தேர்வு நடத்துகிறது. 21 வயது நிரம்பி, வயரிங்கில் ஐந்து வருஷம் செய்முறை அனுபவம் இருந்தால் எழுதலாம், உச்ச வயது வரம்பில்லை. சிக்கல் அனுபவச் சான்றில்தான். ஆறு வருஷமும் சம்பளத்தைக் கையில் வாங்கியிருப்பார், கான்ட்ராக்டர் ஒரு துண்டுச் சீட்டுகூடத் தந்திருக்க மாட்டார். இப்போது போய்க் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்பார். ஆள் தேர்வாகிவிட்டால் தனியாகப் போய்விடுவான் என்ற பயம் அவருக்கு. அறிவிப்பு வந்த பிறகு ஓடாமல் இந்த மாதமே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அவர் தராவிட்டால், இதற்கு முன் வேலை பார்த்த கான்ட்ராக்டரிடம் கேட்கட்டும். யாரோ விற்கிற சான்றை மட்டும் வாங்க வேண்டாம். விண்ணப்ப விவரத்தைக் குன்னூர் ஐ.டி.ஐ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று. அரசு ஐ.டி.ஐ. இடத்தையே வாங்கித் தருகிறேன் என்று 5,000 கேட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். இடம் மதிப்பெண்ணையும் இட ஒதுக்கீட்டையும் பார்த்துக் கலந்தாய்வில் தருவது, அதில் அவருக்கு வேலையே இல்லை. ஓட்டல் ஏஜென்ட் திரும்ப வந்தால், போன வருஷம் ஊட்டியில் வேலைக்குச் சேர்ந்து இன்னும் அங்கேயே இருக்கிற மூன்று பேரின் போன் நம்பரைக் கேளுங்கள். கொடுத்தால் அவர்களிடம் நீங்களே பேசுங்கள், அவர் முன்னால் வேண்டாம்.