“மனசே இல்லையா சிஸ்டர்?”

கேள்வி: அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நைட் டியூட்டியில் 40 பேருக்கு நான் ஒருத்திதான். ஊசி, டிரிப்ஸ், கேஸ் ஷீட் என்றே விடிந்துவிடுகிறது. பக்கவாதம் வந்த ஒரு பாட்டியை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்ததைத் தவிர அவருக்காக நான் எதுவும் செய்யவில்லை. “உங்களுக்கெல்லாம் மனசே இல்லையா சிஸ்டர்?” என்று அவர் மகள் கேட்டுவிட்டார். இதுவா நோயாளியைப் பார்த்துக்கொள்வது?

பதில்: தங்கச்சி, நானும் வார்டில் இந்தப் பேச்சைக் கேட்டு அழுதவள்தான். 40 பேருக்கு ஒருவர் என்பது உங்கள் குற்றமே இல்லை, ஆள் போடாதவர்களின் குற்றம். அதை மனதில் சுமக்காதீர்கள்.

ஆனால் “திருப்பியதைத் தவிர” என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அசையாமல் கிடப்பவருக்கு இடுப்பெலும்பிலும் குதிகாலிலும் ரத்த ஓட்டம் நசுங்கி, சில மணி நேரத்திலேயே சதை கெட ஆரம்பித்துவிடும். புண் ஆழமாகிவிட்டால் ஆற மாதக்கணக்காகும். பாட்டியின் முதுகு இன்னும் சிவக்கக்கூட இல்லை என்றால், அது ராத்திரி முழுக்க உங்கள் கை பார்த்த வேலை.

அமெரிக்காவில் பாட்ரீசியா லார்சன் என்ற செவிலிய ஆய்வாளர் 1980களில் புற்றுநோயாளிகளிடமும் நர்ஸ்களிடமும் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் கேட்டார்: நர்ஸ் செய்வதில் எது அக்கறை? காதுகொடுத்துக் கேட்பது, ஆறுதலாகத் தொடுவது என்று நர்ஸ்கள் நம்மைப் போலவே சொன்னார்கள். நோயாளிகளோ ஊசியும் டிரிப்ஸும் சரியாகப் போடத் தெரிவதையும், டாக்டரை எப்போது கூப்பிடவேண்டும் என்று தெரிவதையும் முன்னால் வைத்தார்கள். நீங்கள் வெறும் வேலை என்று நினைப்பதில்தான் படுத்திருப்பவருக்குத் தைரியம் கிடைக்கிறது.

சரி, அந்த மகள்? அவர் கண்ணில் பட்டதெல்லாம் நீங்கள் வேகமாக வந்து போனதுதான். எதற்காகத் திருப்புகிறீர்கள் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த முறை திருப்பும்போது அவரையும் எழுப்புங்கள். “அந்தப் பக்கம் இடுப்பைப் பிடிங்கம்மா” என்று சொல்லி, குதிகாலைக் காட்டி, எந்த இடம் சிவந்தால் உங்களைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். தனியாக நேரம் வேண்டாம், அந்த 2 நிமிஷமே போதும். வீட்டுக்குப் போனபிறகு பாட்டியைத் திருப்பப்போவதும் அவர்தானே.