காரைக்குடிப் பக்கமிருந்து இரண்டு நாள் போய்வர, ஆறு கடலில் சேரும் அழகான ஊர் எது?

தொண்டியும் பூம்புகாரும் பார்த்தாகிவிட்டது, கூட்டமில்லாத ஊராக வேண்டும், வயதானவர்களும் கூட வருகிறார்கள் என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். என் பதில் பரங்கிப்பேட்டை. சிதம்பரத்துக்குப் பக்கத்தில், வெள்ளாறு வங்கக் கடலில் சேருகிற ஊர்.

வெள்ளாறு என்றதும் உங்களுக்கு நம்ம ஊர் வெள்ளாறுதான் நினைவுக்கு வரும். ‘வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை, கிழக்கே கடல், மேற்கே பிரான்மலை’ என்று செட்டிநாட்டு எல்லையைச் சொல்லித்தான் எங்கள் அப்பத்தா எந்தக் கதையையும் தொடங்கும். திருமயம் தாண்டி, புதுக்கோட்டைக்குள் நுழையும் முன் பஸ் பாலத்தில் ஏறும்போது கீழே மணலும் கருவேலமுமாகக் கிடக்கும். ஆறு என்றால் எனக்கு அவ்வளவுதான் தெரியும். பரங்கிப்பேட்டையில் இருப்பது வேறு வெள்ளாறு, வட வெள்ளாறு. வசிட்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்து, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டையும் புவனகிரியையும் கடந்து வருவது.

நான் படித்தது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். நம்ம கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் தொடங்கியது. அதன் கடல் உயிரியல் ஆய்வு மையம் மட்டும் சிதம்பரத்தில் இல்லை, பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றங்கரையிலேயே இருக்கிறது. அங்கே படித்த நண்பனைப் பார்க்க ஒரு சனிக்கிழமை போனேன். ‘ஒண்ணும் பண்ணாத, இந்தப் படித்துறையில உக்காந்து தண்ணியப் பாரு’ என்று சொல்லிவிட்டு அவன் வேலைக்குப் போய்விட்டான்.

ஒரு தேங்காய் மட்டை கடலைப் பார்த்து மிதந்து போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் வேகம் குறைந்தது. அப்புறம் அப்படியே நின்றது. ஆறு முழுக்கக் கண்ணாடி போல அசைவில்லாமல் இருந்தது. படகுகள் கட்டின கயிறு தொய்ந்து நின்றது. பிறகு மட்டை மெல்லத் திரும்பி, வந்த வழியே ஊரைப் பார்த்துப் போக ஆரம்பித்தது. ஆறு பின்னோக்கி ஓடுகிறது! ஊருணியில் தேங்கும் தண்ணீரையும், முற்றத்தில் விழும் மழையை அண்டாவில் பிடிப்பதையும் பார்த்து வளர்ந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் ஆற்றுக்குள் பல கிலோமீட்டர் வரும், வற்றும்போது திரும்பப் போகும். நம் கிழக்குக் கரையில் இது ஒரு நாளைக்கு இரண்டு முறை நடக்கிறது. உப்புத் தண்ணீர் கனம் என்பதால் அடியில் வரும், நல்ல தண்ணீர் மேலே நிற்கும். ஒவ்வொரு நாளும் நேரம் முக்கால் மணிக்குச் சற்று மேல் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிசாக இருக்கும். அதனால் நீங்கள் போகும் நாளைத் திதி பார்த்து முடிவு செய்வது நல்லது. கழிமுகத்தில் வற்றம் ஒன்று, ஏற்றம் ஒன்று, இரண்டையும் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் பாதி ஊரைத்தான் பார்த்திருப்பீர்கள்.

தண்ணீர் வற்றினதும் சேறு வெளியே வரும். ஒரு கொடுக்கு மட்டும் பெரிசாக இருக்கிற சின்ன நண்டுகள் வளையை விட்டு வெளியே வந்து, மண்ணை வாயில் சலித்துச் சலித்துச் சீரக மிட்டாய் அளவில் உருண்டை உருண்டையாகப் போட்டுவிட்டுப் போகும். நம் நிழல் பட்டால் மொத்தச் சேறும் ஒரே நொடியில் காலி. ஆற்றுக்குத் தெற்கே கிள்ளை, பிச்சாவரம் பக்கம் இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையாலேயே தடவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்கும், பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துப் பிடித்திருப்பார்கள். வலையில்லை, தூண்டிலில்லை. அந்த இறால் முட்டையிட்டது கடலில், குஞ்சாக உள்ளே வந்து வளர்வது இந்தக் கழியில். கொடுவாயும் மடவையும்கூட இங்கே வளர்ந்துதான் கடலுக்குப் போகின்றன. கழிமுகத்தை மண் போட்டு மூடினால் கடலில் மீன் குறையும் என்று நண்பன் கோபமாகச் சொல்வது எனக்கு அங்கேதான் புரிந்தது.

பிச்சாவரம் படகுச் சவாரி உங்களுக்கே தெரியும், அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. தில்லை மரத்தை மட்டும் காட்டச் சொல்லிப் பாருங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்த மரம். கிளையை ஒடிக்க வேண்டாம், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

ஊரின் பழங்கதையும் பெரிசு. போர்ச்சுக்கீசியர் வந்ததால் பரங்கிப்பேட்டை. அவர்கள் வைத்த பேர் போர்ட்டோ நோவோ, அதாவது புதுத் துறைமுகம். 1781 ஜூலை 1 அன்று மைசூர் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் என்பவருக்கும் சண்டை நடந்தது இங்கேதான். 1830 வாக்கில் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்துப் பக்கத்து இரும்புக்கல்லை இங்கே கொண்டுவந்து உருக்கினார், அதுவும் விறகுக் கரியில். எத்தனை மரம் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஒரு பங்குனி மாதம் அப்பத்தாவையும் கூட்டிப் போனேன். வெள்ளாறு என்று சொன்னதும் படித்துறையில் உட்கார்ந்து, ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தது. ‘என்னப்பா, இப்படிக் கரிக்குது? இது எங்க வெள்ளாறு?’ என்றது. பக்கத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர், ‘கார்த்திகை மழைக்கு வாங்க ஆயா, இதே தண்ணி இனிக்கும்’ என்றார். அப்பத்தா அதை நம்பவேயில்லை. ஊருக்கு வந்த பிறகு அடுத்த வீட்டு ஆச்சியிடம் அதைத்தான் முதலில் சொன்னது.

சரி, போகிற வழி. சிதம்பரத்தில் தங்குங்கள், பரங்கிப்பேட்டையில் நல்ல அறை கிடைப்பது சிரமம். அங்கிருந்து பு.முட்லூர் வழியாக டவுன் பஸ் உண்டு. தை முதல் பங்குனி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றில் வெள்ளமும் கடலில் புயலும் வரும், பெரியவர்களோடு வேண்டாம். ஆய்வு மையத்துக்குள் போக ஆசையிருந்தால் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு கடலில் சேரும் வாயில் மட்டும் யாரும் குளிக்க வேண்டாம். மேலே அமைதியாகத் தெரியும், தண்ணீர் வற்றும் நேரத்தில் இழுப்பு அவ்வளவு பலமாக இருக்கும்.