ரூத்தின் 714ஐத் தொடாதீர்கள்

கேள்வி: பேஸ்பாலில் பேப் ரூத் ஆடிய காலத்தில், தரையில் குத்தி எழும்பி வேலியைத் தாண்டிய பந்துக்கும் ஹோம் ரன் (பந்தடித்தவர் நான்கு தளங்களையும் சுற்றி வந்து எடுக்கும் ரன்) கொடுத்தார்களாம். இன்றைய விதிப்படி அது செல்லாது. அவர் வாழ்நாளில் அடித்த 714 ஹோம் ரன்களில் அப்படி வந்தவற்றைக் கழித்துவிட்டு உண்மையான கணக்கை வெளியிடுவதுதானே நேர்மை?

பதில்: கழிக்கச் சொல்கிறீர்கள், சரி. அவருக்குச் சேர வேண்டியதைக் கூட்டவும் சம்மதிப்பீர்களா?

நீங்கள் கேள்விப்பட்ட விதி உண்மைதான். கிரிக்கெட்டில் நான்குக்கும் ஆறுக்கும் உள்ள வேறுபாடு அன்றைய பேஸ்பாலில் கிடையாது. குத்திப் போனாலும் பறந்து போனாலும் ஹோம் ரன்தான். அமெரிக்காவின் இரு முதன்மை லீகுகளான அமெரிக்கன் லீக் 1930இலும் நேஷனல் லீக் 1931இலும்தான் குத்திப் போகும் பந்துக்கு இரண்டு தளம் மட்டும் என்று வரையறுத்தன. ஆனால் 1927இல் ரூத் அடித்த புகழ்பெற்ற 60 ஹோம் ரன்களை அன்றைய பத்திரிகைச் செய்திகளோடு ஒப்பிட்டுத் துருவியவர்கள், அவற்றில் ஒன்றுகூடக் குத்திப் போனதல்ல என்கிறார்கள்.

இனி, அதே காலத்து விதிகள் அவரிடமிருந்து பறித்ததைப் பாருங்கள். எல்லைக் கம்பத்துக்கு (ஆடுகளத்தின் பக்கவாட்டு எல்லையைக் காட்டுவது; அதற்கு வெளியே போகும் பந்து ஹோம் ரன் ஆகாது) உள்பக்கமாக வேலியைத் தாண்டும் பந்து இன்று ஹோம் ரன். அதன்பின் அது எந்தப் பக்கம் வளைந்தாலும் கவலையில்லை. ரூத் ஆடிய ஆண்டுகளில் பெரும்பகுதி அப்படியில்லை. பந்து எங்கே விழுந்தது, அல்லது கடைசியாக எங்கே கண்ணில் பட்டது என்று பார்த்தே நடுவர் தீர்ப்புச் சொன்னார். கம்பத்தைத் தாண்டியபின் வெளிப்பக்கம் வளைந்த நல்ல அடிகளெல்லாம் வீணாகின.

1918 ஜூலை 8, பாஸ்டனின் ஃபென்வே பார்க். கிளீவ்லாந்துடன் ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ், இரு பக்கமும் ரன் இல்லை. முதல் தளத்தில் ஏமஸ் ஸ்ட்ரங்க் நிற்கிறார். ரூத் அடித்த பந்து பார்வையாளர் வரிசைக்குள் போய் விழுந்தது. ஸ்ட்ரங்க் கடைசித் தளத்தைத் தொட்டு ரன் எடுத்ததும் 1–0, ஆட்டம் முடிந்தது. வெற்றிக்கு அந்த ஒரு ரன் போதும் என்பதால், அதைக் கொண்டுவரத் தேவையான தளங்களை மட்டுமே பந்தடித்தவர் கணக்கில் எழுதினார்கள். ரூத்துக்கு மூன்று தளம். ஹோம் ரன் இல்லை! அந்த ஆண்டு 11 ஹோம் ரன்களுடன் டில்லி வாக்கரும் அவரும் முதலிடத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அந்த ஒன்று சேர்ந்திருந்தால் முதலிடம் ரூத்துக்கு மட்டுமே. 1920இல்தான் இந்த விதியை மாற்றினார்கள்.

நீங்கள் சொல்வதுபோல் புதிய விதியை வைத்துப் பழைய கணக்கைத் திருத்துவதை ஒருமுறை செய்தும் பார்த்தார்கள். 1968இல் சாதனைப் பதிவுகளுக்கான சிறப்புக் குழு அதுபோன்ற பழைய அடிகளையெல்லாம் ஹோம் ரன் ஆக்க முடிவெடுத்தது. ரூத்தின் எண்ணிக்கை 715 ஆனது. எதிர்ப்பு கிளம்பவே, மறு ஆண்டே அந்த முடிவைக் கைவிட்டு 714க்குத் திரும்பினார்கள். திரும்பியதுதான் நியாயம். இல்லையென்றால் 1974 ஏப்ரல் 8 அன்று அட்லாண்டாவில் ஹாங்க் ஆரன் அடித்த 715ஆவது ஹோம் ரன் சாதனையை முறியடித்திருக்காது, சமன்தான் செய்திருக்கும்.

உங்கள் அளவுகோலுக்குச் சரியான சோதனை ரூத் அல்ல, அவருக்கு முந்தைய வீரர் நெட் வில்லியம்சன். சிகாகோவில் அவருடைய அணியின் மைதானத்தில் இடப்பக்க வேலி வெறும் 180 அடி தூரத்தில் இருந்தது. 1883இல் அதைத் தாண்டினால் இரண்டு தளம் என்று மைதான விதி. வில்லியம்சன் அடித்த ஹோம் ரன் 2. மறு ஆண்டு அதையே ஹோம் ரன் என்று மாற்றினார்கள். 27 அடித்தார், அதில் 25 சொந்த மைதானத்தில். ரூத் 1919இல் 29 அடிக்கும்வரை 35 ஆண்டுகள் ஒரே ஆண்டின் ஹோம் ரன் எண்ணிக்கையில் அதுவே சாதனை. ஹோம் ரன்னுக்கு 1926இல் வந்த 250 அடி என்ற குறைந்தபட்ச தூரத்தை வைத்து அளந்தால் அந்த வேலியைத் தாண்டிய எதுவும் தேறாது.

அதற்காக 27ஐ நீக்கிவிடலாமா? கூடாது. பந்தெறிந்தவர், தடுத்தவர், அடித்தவர் மூவரும் அந்த வேலியையும் அந்த ஆண்டின் விதியையும் அறிந்தே களமிறங்கினார்கள். எண்ணை விட்டுவிடுங்கள், அதன் பக்கத்தில் ‘இடப்பக்க வேலி 180 அடி’ என்று அச்சிடச் சொல்லுங்கள். அந்தக் கோரிக்கையில் நானும் கையெழுத்திடுகிறேன்.