பில்லி ஜீன் கிங் கோப்பை: கேள்வியும் பதிலும்

மகளிர் டென்னிஸில் நாடுகள் அணிகளாக மோதும் பில்லி ஜீன் கிங் கோப்பை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் இயன்ற விடைகளை இங்கே தருகிறேன்.

கேள்வி: ஃபெட் கோப்பை என்று முன்பு படித்ததும் இதுவும் ஒரே போட்டிதானா?

பதில்: ஒரே போட்டிதான். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு தன் பொன்விழா ஆண்டான 1963-இல் ஃபெடரேஷன் கோப்பை என்ற பெயரில் இதைத் தொடங்கியது. 1995-இல் பெயர் ஃபெட் கோப்பை என்று சுருங்கியது. 2020 செப்டம்பரில் இன்றைய பெயர் சூட்டப்பட்டது. ஆடவருக்கு டேவிஸ் கோப்பை 1900-ஆம் ஆண்டே வந்துவிட்ட நிலையில், பெண்களுக்கும் அதுபோல் ஒன்று வேண்டும் என்று அமெரிக்க வீராங்கனை ஹேசல் வைட்மன் 1919-இல் முன்வைத்த யோசனை நிறைவேற நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி. இடையில் 1923-இல் அவர் பெயரால் தொடங்கிய கோப்பை அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான போட்டியாகவே நின்றுவிட்டது.

கேள்வி: எத்தனையோ பெரிய வீராங்கனைகள் இருக்க, பில்லி ஜீன் கிங் பெயரை ஏன் தேர்ந்தார்கள்?

பதில்: பெண்களுக்குச் சமமான பரிசுத்தொகை வேண்டும் என்று அமெரிக்க வீராங்கனையான அவர் நடத்திய போராட்டம் பலரும் அறிந்தது. ஆனால் இந்தக் கோப்பையோடு அவருக்குள்ள உறவு முதல் ஆண்டிலேயே தொடங்குகிறது. லண்டன் குயின்ஸ் கிளப்பில் 16 நாடுகள் கலந்துகொண்ட 1963 போட்டியின் இறுதியில் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் ஒற்றையர் ஆட்டங்களில் ஆளுக்கொன்று வென்று சமநிலையில் இருந்தன. அன்று பில்லி ஜீன் மோஃபிட் என்ற பெயரில் ஆடிய 19 வயது கிங், டார்லீன் ஹார்டுடன் இணைந்து, மார்கரெட் ஸ்மித், லெஸ்லி டர்னர் இணையிடம் முதல் செட்டை இழந்தும் 3-6, 13-11, 6-3 என்று வென்று கோப்பையைத் தன் நாட்டுக்குப் பெற்றுத் தந்தார்.

கேள்வி: உலகின் முதல்நிலை வீராங்கனை இருக்கும் நாடே எப்போதும் வெல்ல வேண்டுமல்லவா? உலக முதலிடத்தில் இருந்தவரான இகா ஷ்வியான்டெக் ஆடியும் போலந்து ஏன் வெல்லவில்லை?

பதில்: நான் மிகவும் விரும்பி விடை சொல்லும் கேள்வி இது. இறுதிச் சுற்றில் இரு அணிகள் மோதும்போது ஆட்டங்கள் மூன்றே: முதலில் அந்தந்த அணியின் இரண்டாம்நிலை வீராங்கனைகளின் ஒற்றையர், அடுத்து அணியின் முதல்நிலை வீராங்கனைகளின் ஒற்றையர், சமநிலை ஏற்பட்டால் இரட்டையர். ஒருவர் எவ்வளவு வலிமை வாய்ந்தவராயினும் ஒற்றையரில் அவரால் ஒரே ஒரு புள்ளிதான் ஈட்ட முடியும்.

2024-இல் ஸ்பெயினின் மாலகா நகரில் போலந்துக்கும் இத்தாலிக்கும் இடையே நடந்த அரையிறுதியை நினைத்துப் பாருங்கள். இத்தாலியின் லூசியா பிரான்செட்டி முதல் ஆட்டத்தில் போலந்தின் மக்தா லினெட்டை வென்றார். அடுத்ததில் இகா ஷ்வியான்டெக், முதல் செட்டை இழந்தபின் மீண்டு இத்தாலியின் ஜாஸ்மின் பவோலினியை வென்றார். இரட்டையரில் ஷ்வியான்டெக் மறுபடியும் களமிறங்கினார். ஆனால் எதிரே நின்ற பவோலினியும் சாரா எர்ரானியும் அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் இரட்டையர் தங்கம் வென்றவர்கள். ஒருவர் எங்கே நகர்ந்தால் மற்றவர் எங்கே நிற்க வேண்டும் என்பது சொல்லாமலே தெரிந்தவர்கள். 7-5, 7-5 என்று அவர்கள் வென்றார்கள். இறுதியில் ஸ்லோவாக்கியாவை வீழ்த்திக் கோப்பையையும் கொண்டுபோனார்கள். 2025-இல் சீனாவின் ஷென்சென் நகரில் உக்ரைனுக்கு எதிரான அரையிறுதியும் இதே இணையின் இரட்டையர் வெற்றியால்தான் முடிவானது. அமெரிக்காவை இறுதியில் 2-0 என்று வென்ற இத்தாலிக்கு அது ஆறாவது பட்டம்.

கேள்வி: அதிகப் பட்டங்கள் யாரிடம்?

பதில்: அமெரிக்கா 18 முறை வென்றுள்ளது. செக்கோஸ்லோவாக்கியாவின் வெற்றிகளையும் சேர்த்துச் செக் குடியரசின் கணக்கு 11.

கேள்வி: இரண்டு நாடுகளுக்காக ஆடி வென்றவர் உண்டா?

பதில்: மார்ட்டினா நவ்ரத்திலோவா. 1975-இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்காக வென்ற அவர், அதே ஆண்டு அமெரிக்காவில் தஞ்சம் புகுந்தார். 1986-இல் போட்டி பிராகில் நடந்தபோது அமெரிக்க அணியில் ஒருவராகப் பிறந்த நாட்டுக்குத் திரும்பினார். இறுதியில் அமெரிக்கா வென்றது செக்கோஸ்லோவாக்கியாவையே. பார்வையாளர்கள் அவரைத் தம் வீட்டுப் பெண்ணாகவே எண்ணி ஆரவாரித்தார்கள். இந்தக் கோப்பையின் வரலாற்றில் இதைவிட நெகிழ்ச்சியான வாரம் ஒன்றை நான் அறியேன்.

கேள்வி: இந்தியா எந்த நிலையில் இருக்கிறது?

பதில்: ஆசிய-ஓசியானியப் பிரிவிலேயே நெடுங்காலம் ஆடிவந்த இந்தியா, 2020 மார்ச்சில் துபாயில் இரண்டாம் இடம் பெற்று முதன்முறையாக பிளே-ஆஃப் சுற்றுக்கு, அதாவது மேல்நிலைக்குச் செல்வதற்கான தகுதிச் சுற்றுக்கு, முன்னேறியது. துபாயிலும் இந்தோனேசியாவுடனான கடைசி மோதல் 1-1 என்று நிற்க, தாய்மைக்குப் பின் களத்துக்குத் திரும்பியிருந்த சானியா மிர்சாவும் அங்கிதா ரெய்னாவும் இரட்டையரில் வென்றே அந்த வாய்ப்பைப் பெற்றுத் தந்தனர். அந்த பிளே-ஆஃபில் 2021-இல் லாத்வியாவிடம் தோற்றோம். 2025-இல் புனேயில் நடந்த ஆசிய-ஓசியானியப் போட்டியில் மறுபடியும் இரண்டாம் இடம் பெற்றோம். நவம்பரில் பெங்களூரில் நடந்த பிளே-ஆஃபில் ஸ்லோவேனியா, நெதர்லாந்து ஆகிய இரு அணிகளிடமும் தோற்று ஆசியப் பிரிவுக்கே திரும்பினோம். ஸ்ரீவல்லி பமிதிபாட்டி, சஹஜா யமலபள்ளி ஆகியோரால் ஒற்றையர் வலுப்பெற்று வருகிறது. சானியாவின் இடத்தில் நின்று மூன்றாவது ஆட்டத்தை வென்று தரும் நிலையான இணையைத்தான் இனி உருவாக்க வேண்டும்.