செடிகளுக்கு ஏன் இத்தனை சைக்ளின் ஜீன்கள்?

கேள்வி: சைக்ளின் என்பது செல் பிரிவை முடுக்கிவிடும் புரதம். செல் பிரிவதற்கு ஈஸ்ட்டுக்குச் சில சைக்ளின் ஜீன்களே போதும், கடுகுக் குடும்பத்து அரபிடாப்சிஸில் மட்டும் ஏன் இவ்வளவு?

முக்கியக் காரணம் நகலெடுப்பு. கடலில் மிதக்கும் ஒற்றைச்செல் பாசி ஆஸ்ட்ரியோகாக்கஸில் டி வகை சைக்ளின் ஒன்றுதான். அரபிடாப்சிஸில் அது பத்து! அதன் முன்னோர்களிடம் மரபுத்தொகுதி முழுவதுமே பலமுறை இரட்டித்தது. கூடுதல் நகல்களில் பெரும்பாலானவை காலப்போக்கில் அழிந்துபோகும். சைக்ளின்களில் நிறைய தங்கிவிட்டன. ஒன்று வேர் நுனியில், இன்னொன்று இலைத்துளையின் காவல் செல்லில் என்று வேலையைப் பங்கு போட்டுக்கொண்டதால்தான் என்பது என் கணிப்பு. இடம்பெயர முடியாத உயிருக்கு இது வசதிதானே.

சரி, எல்லாமே பெருகியதா? இல்லை. சைக்ளினோடு சேர்ந்து இயங்கும் முக்கிய நொதியான சிடிகே-ஏ, அரபிடாப்சிஸில் இன்றும் ஒற்றை ஜீன்தான். ஈஸ்ட்டிலும் மனிதரிலும் அதற்கு நெருங்கிய உறவு உண்டு. எனக்கு இதைவிடச் சுவையாகத் தோன்றுவது அதே குடும்பத்து நொதியான சிடிகே-பி. விலங்குகளில் இது கிடையாது, பச்சைப்பாசிகளில் உண்டு. அதாவது செடிகள் தரையேறும் முன்பே வந்துவிட்ட ஜீன். அரபிடாப்சிஸில் இதற்கு நான்கு நகல்கள். சிடிகே-ஏ-வை அடியோடு நீக்கினாலும் அரபிடாப்சிஸ் குட்டையாக, மலடாக உயிர் பிழைக்கிறது. அந்த இடத்தை ஓரளவு நிரப்புவது இந்த சிடிகே-பி-தான்.