வியன்னாவிலிருந்து வந்த சூட்கேஸ்: லேமினேஷன் கடைக்குப் போவதற்கு முன்னால்

கேள்வி: திருமணமாகி லண்டனில் இருக்கிறேன். கணவர் யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய பாட்டி 1939-இல், 12 வயதில், பெற்றோரை வியன்னாவில் விட்டுவிட்டு அகதிக் குழந்தைகளை ஏற்றி வந்த ரயிலில் இங்கிலாந்து வந்தவர். பெற்றோர் பிழைக்கவில்லை. போன வருஷம் பாட்டி தவறிய பிறகு பரணில் ஒரு தோல் சூட்கேஸ் கிடைத்தது. உள்ளே அறுபது கடிதங்கள் இருக்கும், யூதர் என்பதைக் குறிக்கும் சிவப்பு 'ஜே' முத்திரை குத்திய பாஸ்போர்ட், செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் குடும்பத்துக்குச் செய்தி எழுதி அனுப்பும் சின்னத் தாள்கள் மூன்று, கறுப்புத்தாள் ஆல்பம், ஒரு மஞ்சள் துணி நட்சத்திரம். மாமியார் மூன்று பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுக்கலாம் என்கிறார், கணவர் மியூசியத்துக்கே கொடுத்துவிடலாம் என்கிறார். முதலில் கடிதங்களை லேமினேட் செய்துவிடலாமா என்று எனக்குத் தோன்றுகிறது. எது சரி?

பதில்:

லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகும் பிளாஸ்டிக்கும் பசையும் தாளோடு ஒட்டிக்கொண்டால், பிறகு எந்த நிபுணராலும் தாளைச் சேதப்படுத்தாமல் பிரித்தெடுக்க முடியாது. ரேஷன் கார்டுக்குப் போட்டுப் பழகிய கை நமக்கு, அதனால் பத்திரம் என்றாலே லேமினேஷன் என்று மனசு போய்விடுகிறது. எங்கள் வீட்டிலேயே தாத்தாவின் கடிதம் ஒன்று அப்படித்தான் போனது, இன்றைக்கு அது பழுப்பேறிய பிளாஸ்டிக் தகடு. கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டுவதும் இதே ரகம்தான், பத்து வருஷத்தில் டேப் உதிர்ந்துவிடும், பசை மட்டும் மஞ்சளாகத் தாளுக்குள் இறங்கி நின்றுவிடும்.

அடுத்தபடியாக நீங்கள் செய்ய வேண்டியது, எதையும் அடுக்காமல் இருப்பது. இந்த மாதிரிப் பெட்டிகளைப் பூச்சியும் ஈரமும் கெடுப்பதைவிட, நல்லெண்ணத்தோடு உட்கார்ந்து ஒழுங்குபடுத்துகிற குடும்பத்தார் கெடுப்பதுதான் அதிகம் என்பது என் அனுபவம். எந்தக் கடிதம் எந்த உறைக்குள் இருந்தது, எவற்றைச் சேர்த்து நாடாவால் கட்டியிருந்தார், ஆல்பத்தின் நடுவே செருகியிருந்தது என்ன என்பதெல்லாம் பாட்டி எழுதாமல் விட்டுப்போன குறிப்புகள். சூட்கேஸைத் திறந்தபடியே ஒரு போட்டோ எடுங்கள், ஒவ்வொரு அடுக்கையும் தூக்கும்போது இன்னொன்று. உறைகளைத் தூக்கிப்போடாதீர்கள், தபால்தலையை வெட்டி எடுக்க யாரையும் விடாதீர்கள். தேதி இல்லாத கடிதத்துக்குத் தபால் முத்திரைதான் தேதி. அனுப்புநர் முகவரி மாறிக்கொண்டே போனால், அந்தக் குடும்பம் வீட்டைவிட்டு விரட்டப்பட்டு வேறு வேறு இடங்களில் நெருக்கியடித்துத் தங்கவைக்கப்பட்ட கதை அந்த உறைகளில்தான் இருக்கும்.

இப்போது அந்த நட்சத்திரம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஜெர்மனியிலும், அதோடு இணைக்கப்பட்டிருந்த ஆஸ்திரியாவிலும் யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிந்தாக வேண்டும் என்ற உத்தரவு 1941 செப்டம்பரில்தான் வந்தது. பாட்டியோ 1939-லேயே கிளம்பிவிட்டார். ஆகவே அது அவர் அணிந்ததாக இருக்க வழியில்லை. போருக்குப் பிறகு உயிரோடு திரும்பிய உறவினர் யாராவது கொடுத்திருக்கலாம், வேறு யாருடையதோ கைமாறி வந்திருக்கலாம், பிற்காலத்தில் வாங்கியதாகக்கூட இருக்கலாம், போலி நட்சத்திரங்களும் சந்தையில் உண்டு. அதில் 'யூதர்' என்ற சொல் எந்த மொழியில் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்: ஜெர்மன், ஆஸ்திரியப் பகுதிகளில் 'யூடே' என்றும், பிரான்சில் 'ழுயிஃப்' என்றும், நெதர்லாந்தில் 'யோட்' என்றும் அச்சிட்டிருப்பார்கள். விடை தெரிகிற வரை "பாட்டி அணிந்த நட்சத்திரம்" என்று சீட்டு எழுதி வைத்துவிடாதீர்கள். ஒரு தவறான சீட்டு ஒட்டினால், அதைப் பார்க்கிறவர் மற்ற சீட்டுகளையும் சந்தேகப்படுவார். அதைத் துவைக்கவோ இஸ்திரி போடவோ கூடாது. ஓரத்தில் தொங்குகிற நூல் துணுக்கை வெட்டவும் கூடாது, சட்டையில் உண்மையிலேயே தைத்திருந்தார்களா, எப்படித் தைத்தார்கள் என்பதற்கு அந்த நூல்தான் சாட்சி. அமிலமற்ற டிஷ்யூ தாளிலோ, பலமுறை துவைத்துக் கஞ்சியும் சாயமும் இல்லாத வெள்ளைப் பருத்தித் துணியிலோ மடிக்காமல் சுற்றி வைத்தால் போதும். பக்கத்தில் அந்துருண்டை வேண்டாம்.

சூட்கேஸைப் பரணிலிருந்து இன்றைக்கே இறக்குங்கள். கோடையில் கொதித்து, குளிர்காலத்தில் உறைந்து ஈரம் கோக்கிற இடம் அது. நிலவறையும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் ஹீட்டர் பக்கமும் அதே அளவு மோசம். நீங்கள் நடமாடுகிற அறையில், வீட்டின் உட்சுவர் அலமாரியில், தரையிலிருந்து சற்று உயரத்தில் இருக்கட்டும். 18 டிகிரி வெப்பமும் 30 முதல் 50 சதவீத ஈரப்பதமும் இருந்தால் நல்லது. ஆனால் அந்த எண்களைத் துரத்துவதைவிட, ஏறி இறங்காமல் ஒரே சீராக இருப்பதுதான் முக்கியம்.

ஈரம் என்ன செய்யும் என்பதற்கு வார்சா கெட்டோவில், அதாவது போலந்தின் வார்சா நகரில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த பகுதியில், ஒரு உதாரணம் இருக்கிறது. இமானுவேல் ரிங்கெல்ப்ளூம் என்ற வரலாற்றாசிரியரும் அவருடைய குழுவினரும் ரகசியமாகச் சேர்த்த ஆவணங்களில் ஒரு பகுதியை 1942-இல் பத்துத் தகரப் பெட்டிகளில் புதைத்தார்கள், இன்னொரு பகுதியை 1943-இல் பால் கேன்களில். 1946-இல் தோண்டியெடுத்தபோது பெட்டிகளுக்குள் தண்ணீர் புகுந்து தாள்கள் ஊறிக் கிடந்தன. கேன்களில் வைத்தவை 1950-இல் கிடைத்தபோது எவ்வளவோ நல்ல நிலையில் இருந்தன. மூன்றாவதாகப் புதைத்தது இன்றுவரை கிடைக்கவில்லை. இடிபாடுகளுக்கு அடியில், உயிரைப் பணயம் வைத்துப் புதைத்த தாள்களுக்கே பாத்திரம்தான் தலைவிதி என்றால், நாம் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி வைக்கலாமா? அமிலமற்ற அட்டைப்பெட்டி, அமிலமற்ற உறை, இரண்டும் ஆவணக்காப்பகப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். உள்ளே இருப்பது தெரிகிற உறை வேண்டுமென்றால் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரோப்பிலீன், பிவிசி மட்டும் கூடாது.

அந்தக் காலத்து மலிவுத் தாள் மரக்கூழில் செய்தது, அமிலம் அதிகம், மடித்த இடத்தில் ஒடியும். மடிப்பில் விறைப்பு தெரிந்தால் வலுக்கட்டாயமாக விரிக்க வேண்டாம். துருப்பிடித்த ஜெம் கிளிப், குண்டூசியைத் தாளைக் கிழிக்காமல் எடுக்க முடிந்தால் மட்டும் எடுங்கள். இன்னொன்று, பென்சிலில் எழுதியதுதானே என்று ஈரத்துணியால் தூசி துடைத்துவிடாதீர்கள். நனைந்தால் ஊதா மையாகக் கரைகிற ஒரு வகைப் பென்சில் அப்போது ஐரோப்பாவில் பரவலாக இருந்தது, ஒரு சொட்டுத் தண்ணீரில் முழு வரியும் போய்விடும். கடிதங்களைத் தொட வெள்ளைக் கையுறை தேவையில்லை, கழுவிக் காயவைத்த கையே மேல், கையுறை போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாமல் கிழியும். போட்டோக்களுக்கும் உலோகத்துக்கும் மட்டும் நைட்ரைல் கையுறை. ஆல்பத்தைப் பிரிக்காமல் பக்கம் பக்கமாகப் படமெடுங்கள். தனியாக இருக்கும் போட்டோவில் பெயர் எழுத வேண்டுமென்றால் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல்.

பூஞ்சை வாடை வந்தால் மட்டும் கதை வேறு. அந்தக் கட்டைத் தனியாக எடுத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஒரு காகிதப் பாதுகாப்பு நிபுணரிடம் காட்டுங்கள், நீங்களே தட்டித் துடைக்க வேண்டாம்.

ஸ்கேன் எடுப்பதில் சிக்கனம் பார்க்காதீர்கள். கடிதத்துக்கு 300-க்குக் குறையாமலும் போட்டோவுக்கு 600 டிபிஐ அளவிலும், டிஃப் கோப்பாக, எழுத்து இல்லாவிட்டாலும் பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

செஞ்சிலுவைத் தாள்களைக் கண்டிப்பாக இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும், பதில் அதன் பின்பக்கத்திலேயே எழுதப்பட்டு வந்திருக்கும். அதிகபட்சம் 25 வார்த்தை, குடும்பச் செய்தி மட்டும், தணிக்கை உண்டு, போய்ச் சேரப் பல மாதம் ஆகும். "நாங்கள் பயணம் புறப்படுகிறோம்" என்கிற மாதிரி ஒரு வரி இருந்தால் சாதாரணமாகக் கடந்துவிடாதீர்கள், நாடுகடத்தப்படுவதை அப்படித்தான் பலர் எழுத முடிந்தது. தேதியைக் குறித்துக்கொண்டு வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய எதிர்ப்பியக்க ஆவணக் காப்பகத்தின் கொல்லப்பட்டவர்கள் பெயர்ப் பட்டியலிலும், நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்களின் ஆவணங்களை வைத்திருக்கும், ஜெர்மனியின் பாட் ஆரோல்சன் ஊரில் உள்ள ஆரோல்சன் ஆவணக் காப்பகத்திலும் தேடுங்கள், இரண்டையும் இணையத்திலேயே பார்க்கலாம். கையெழுத்து புரியவில்லை என்று உங்கள் ஜெர்மன் நண்பர் கைவிரித்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அது பெரும்பாலும் குர்ரென்ட் என்ற பழைய எழுத்துமுறையாக இருக்கும், 1941-இல் பள்ளிகளிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். டிரான்ஸ்கிரிபஸ் மென்பொருளில் போட்டால் ஓரளவு படிக்கும், மிச்சத்துக்கு அந்த எழுத்து தெரிந்த பெரியவர் ஒருவர் வேண்டும்.

சரி, யாருக்குக் கொடுப்பது? மாமியாரின் யோசனையில் இருக்கும் பாசம் புரிகிறது, ஆனால் கேள்வியும் ஒருவர் வீட்டில், பதில் இன்னொருவர் வீட்டில் என்று போனால், ஒரு தலைமுறைக்குள் இரண்டும் அர்த்தமிழந்துவிடும். பிள்ளைகள் மூவருக்கும் நல்ல நகல் போட்டுக் கொடுங்கள், மூலம் ஒரே இடத்தில் இருக்கட்டும். உங்கள் கணவர் சொல்வதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது, ஆனால் அவசரமில்லை. ஹோலோகாஸ்ட் எனப்படும் நாஜிகளின் யூத இனப்படுகொலை பற்றிய ஆவணங்களுக்கு லண்டனிலேயே வீனர் ஹோலோகாஸ்ட் நூலகம் இருக்கிறது. ஆல்ஃப்ரெட் வீனர் 1933-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி 1939-இல் லண்டனுக்குக் கொண்டுவந்த சேகரிப்பு அது, இப்படிப்பட்ட குடும்பத் தாள்களைப் பெற்றுக்கொள்வது அவர்களுடைய வேலைகளில் ஒன்று. ஜெர்மன் பேசிய யூதக் குடும்பங்களின் தாள்களுக்கென்றே நியூயார்க்கில் லியோ பெக் நிறுவனம் உண்டு, ஜெருசலேமில் யாத் வஷேம் என்ற இனப்படுகொலை நினைவகமும் உண்டு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே போய் நிற்காதீர்கள். ஒரு பக்கத்துக்குப் பட்டியல் போட்டு, நாலைந்து படத்தோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். கொடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், பதிப்புரிமை யாருக்கு, ஸ்கேன் பிரதி நமக்குக் கிடைக்குமா, அவர்களுக்கு வேண்டாத பொருளைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். காட்சிக்கு வைப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலானவை இருட்டான பெட்டியில்தான் இருக்கும், அதுதான் அவற்றுக்கு நல்லதும்கூட.

பாஸ்போர்ட்டைக் கொடுப்பதற்கு முன் ஒரு விஷயம். நாஜிகளிடமிருந்து தப்பி வெளியேறியவர்களின் நேரடி வாரிசுகள் குடியுரிமை கோர ஆஸ்திரியா 2020 செப்டம்பர் முதல் வழி செய்திருக்கிறது. கணவருக்கோ பிள்ளைகளுக்கோ அந்த எண்ணம் இருந்தால் அந்தப் பாஸ்போர்ட்டும் பிறப்புச் சான்றும் தேவைப்படும், அந்த வேலை முடியும் வரை மூலத்தைக் கையில் வைத்திருங்கள்.

இதெல்லாம் ஒரு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. தள்ளிப்போடக்கூடாதது உங்கள் மாமியாரிடம் பேசுவதுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆல்பத்தை மேசையில் விரித்து, போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, ஒவ்வொரு முகமாக யார் என்று கேளுங்கள், தெரியாததைத் தெரியாது என்றே அவர் சொல்லட்டும். கடைசியில் அந்த நட்சத்திரத்தைப் பாட்டியிடம் யார் கொடுத்தார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள்.