நங்கூரமும் மாதுளையும்: யூதேயாவின் பழங்காசுகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எருசலேம் போய்வந்த என் அத்தை ஒரு வெண்கலக் காசு வாங்கி வந்தார். ஒரு பக்கம் நங்கூரம். சுற்றிலும் கிரேக்கத்தில் ‘அரசர் அலெக்சாந்தரின்’ என்று இருக்கிறதாம். மகா அலெக்சாந்தர் வெளியிட்டதா?

இல்லை. அவர் கி.மு. 323இலேயே பாபிலோனில் இறந்துவிட்டார். அத்தையிடம் இருப்பது உண்மையான காசு என்றால், இருநூறு ஆண்டுகளுக்குப் பின் எருசலேமைச் சுற்றிய யூதேயா நாட்டை ஆண்ட யூத அரசர் அலெக்சாந்தர் யன்னாய் (கி.மு. 103–76) வெளியிட்டது. அவருடைய எபிரேயப் பெயர் யோனத்தான். காசைத் திருப்பிப் பாருங்கள்: எட்டுக் கதிருள்ள விண்மீன் இருக்கும். தேயாமல் இருந்தால், கதிர்களின் இடுக்கில் பழைய எபிரேய எழுத்தில் ‘யோனத்தான் அரசர்’ என்று படிக்கலாம். அந்த நங்கூரமோ சிரியாவை ஆண்ட கிரேக்கப் பரம்பரையான செலூக்கிய மன்னர்களின் சின்னம். கிரேக்க உலகத்துக்கு ஒரு பெயர், தன் மக்களுக்கு இன்னொரு பெயர். இரண்டும் ஒரே சிறுகாசில். மினுமினுக்கும் பெரிய வெள்ளிக்காசுகளைவிட இதை நான் உயர்வாக மதிப்பது இதனால்தான்.

கேள்வி: விவிலியத்தில் ஏழை விதவை ஆலயத்தில் போட்ட இரண்டு காசு இதுதான் என்று விற்கிறார்களே?

மாற்கு நற்செய்தி ‘லெப்டா’, அதாவது மிகச் சிறிய காசு, என்று மட்டும் சொல்கிறது. யாருடைய காசு என்று சொல்லவில்லை. ஆனால் யன்னாயின் காசுகள் அவருக்குப் பின்னும் நெடுங்காலம் புழங்கின. கடைசியாக அடித்தவை ஒரு கிராம்கூடத் தேறாதவை. ஆகவே பொருத்தமான ஊகம். உறுதியான செய்தி அல்ல.

கேள்வி: என்னிடம் உள்ள காசின் ஓரத்தில் இரண்டு மூக்குகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சித்திரமும் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. உடைந்ததா?

உடையவில்லை, அது பிறந்த விதமே அப்படி. பணியாரக் கல்லின் குழிகளை ஒரே வரிசையாக்கி, குழிக்குக் குழி ஒரு சிறு வாய்க்கால் வெட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக் கல்லில் அப்படிக் குடைந்து, உருக்கிய வெண்கலத்தை ஊற்றினார்கள். தகடுகள் சரமாக வெளியே வரும். சரத்தோடு சரமாகவே இரு அச்சுகளுக்கு நடுவே வைத்து அடித்து, பிறகு வெட்டிப் பிரித்தார்கள். வெட்டிய இடம்தான் உங்கள் ‘மூக்கு’. குழியின் பக்கங்கள் சரிவானவை என்பதால் காசின் விளிம்பும் சரிந்திருக்கும். விரலால் தடவினால் தெரியும். அடித்தவர் கை சற்று விலகினாலும் சித்திரம் ஒதுங்கிவிடும். தயவுசெய்து அந்த மூக்கை அரத்தால் ராவிவிடாதீர்கள்.

கேள்வி: கிரேக்கக் காசு என்றாலே ஒரு முகம் இருக்கும். யூதக் காசில் ஏன் இல்லை?

உருவம் செய்யலாகாது என்ற கட்டளைதான் காரணம். ஆனால் எப்போதுமே அப்படி இருந்ததில்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் தாலமி மன்னர்களின் கீழ் யூதேயாவில் அடித்த குட்டி வெள்ளிக்காசுகளில் முதலாம் தாலமியின் முகம் இருக்கிறது. மறுபக்கத்தில் ‘யெகுத்’ (யூதேயா) என்ற எபிரேய எழுத்து. முகத்தை அறவே விலக்கியவர்கள் பின்னால் வந்த அஸ்மோனியர்கள், அதாவது யன்னாயின் அரச குடும்பத்தார்.

அவர்களில் ஒருவரான முதலாம் யோவான் இர்க்கான் (கி.மு. 134–104; எபிரேயத்தில் யோகனான்) காசைப் பாருங்கள். ஒரு பக்கம் இலை வளையத்துக்குள் ‘தலைமைக் குரு யோகனானும் யூதர் அவையும்’ என்ற எழுத்து. அரசர் என்ற சொல்லே கிடையாது. மறுபக்கம் இரட்டை வளமைக் கொம்பு, அதாவது செழிப்பைக் குறிக்கும் கொம்பு. இது எகிப்து அரசி அர்சினோயேயின் பொற்காசில் இருந்த அதே கிரேக்கச் சின்னம். இரு கொம்புகளுக்கும் நடுவே மட்டும் ஒரு மாதுளம்பழத்தை வைத்தார்கள். அந்த ஒரு பழத்தில் கொம்பு யூதருடையதாகிவிட்டது!

யன்னாய் ‘அரசர்’ என்று போட்டார் அல்லவா? அந்தக் காசுகளில் சிலவற்றின் மீதே ‘தலைமைக் குரு’ என்ற அச்சை மறுபடி அடித்திருக்கிறார்கள். நல்ல காசு கிடைத்தால் உருப்பெருக்கியில் அடியில் இருக்கும் பழைய எழுத்தும் தெரியும். பரிசேயர்கள் என்ற யூதச் சமயப் பிரிவினரோடு அவருக்கு இருந்த பகையை இதற்குக் காரணமாகச் சொல்வோர் உண்டு.

கேள்வி: அப்படியானால் எருசலேம் ஆலய வரியை மட்டும் பெனிசியத் துறைமுகமான தீர் நகரத்து வெள்ளியில் வாங்கியது எப்படி? அதில் தெய்வ உருவம் உண்டே?

உண்டு. தலைப்பக்கம் மெல்கார்ட் தெய்வம், பூப்பக்கம் கழுகு. ஆனாலும் சுமார் 14 கிராம் எடையுள்ள அந்தச் செக்கேல் என்ற காசில் வெள்ளியின் மாற்று உயர்ந்தது. தரம் ஆண்டுக்கணக்கில் குறையவில்லை. ஆலயம் கேட்டது அரைச் செக்கேல் சுத்த வெள்ளி. உருவத்தைப் பொறுத்துக்கொண்டார்கள், கலப்படத்தைப் பொறுக்கவில்லை. ஆலய முற்றத்தில் காசு மாற்றித் தருபவர்கள் பலகை போட்டு உட்கார்ந்திருந்ததும் இதற்காகத்தான்.

கேள்வி: யோவான் இர்க்கானின் தந்தை சீமோன் மக்கபேயுவின் வெள்ளிக்காசு எங்கே பார்க்கலாம்?

எங்கும் பார்க்க முடியாது. நாணயம் அடிக்கச் செலூக்கிய மன்னர் ஏழாம் அந்தியோக்கு அவருக்கு அனுமதி தந்ததாக மக்கபேயர் முதல் நூல் சொல்கிறது. காசு ஒன்றும் கிடைக்கவில்லை. முன்பு அவருடையவை என்று எழுதிவந்த தடித்த செக்கேல்கள், ரோமருக்கு எதிரான கி.பி. 66–70 கிளர்ச்சியில் அடித்தவை.

கேள்வி: களிம்பு பிடித்த காசைப் புளி போட்டுத் துலக்கலாமா?

கூடவே கூடாது! குத்துவிளக்குக்குப் புளி சரி. இந்தக் காசுகளில் எழுத்தின் கோடுகள் பல சமயம் அந்தப் பச்சைக் களிம்பில்தான் தங்கியிருக்கின்றன. புளியின் காடி அதைத் தின்றுவிட்டால் வெறும் செம்புத்துண்டுதான் மிஞ்சும். மண் மட்டும் என்றால் காய்ச்சி வடித்த நீரில் சில நாள் ஊறவிட்டு, மூங்கில் குச்சியால் மெல்லத் தள்ளுங்கள். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் மற்றக் காசுகளிலிருந்து உடனே பிரித்து வையுங்கள்.